கேம்பர் இழுக்கும் பிக்கப்புக்கு ஹெல்பர் ஏர் பேக் போடலாமா?

தூரதேசி:

வணக்கம். என்னிடம் இருப்பது டபுள் கேப் பிக்கப், பின்னால் லீஃப் ஸ்பிரிங் (பட்டை ஸ்பிரிங்). இப்போது ஒரு கேம்பர் (பின்னால் மாட்டி இழுக்கும் வீட்டு வண்டி) வாங்கியிருக்கிறோம், தண்ணீர் சாமான் எல்லாம் ஏற்றினால் 2,500 கிலோ பக்கம் வரும். வண்டியின் இழுவைத் திறனுக்குள் நன்றாகவே அடங்குகிறது. ஆனால் மாட்டியவுடன் பின்பக்கம் 8 செ.மீ. இறங்கிவிடுகிறது, முன்பக்கம் 3 செ.மீ. தூக்கிக்கொள்கிறது. 80க்கு மேல் போனால் ஸ்டீயரிங் லேசாகிவிட்ட மாதிரி இருக்கிறது, இரவில் எதிரே வருகிறவர்கள் எல்லாம் லைட்டை அடித்துக் காட்டுகிறார்கள்.

கடையில் கேட்டால் "பின்னால் ஏர் பேக் ஒரு ஜோடி போடுங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்கிறார்கள். விபத்தில் விரியும் பை இல்லை, ஸ்பிரிங்குக்குத் துணையாக வைக்கும் காற்றுப் பை. ஏற்கெனவே கேம்பர் வைத்திருக்கும் ஒருவர் ஏர் பேக்கே வேண்டாம், எடை பகிர்வு ஹிட்ச் (எடையை எல்லாச் சக்கரங்களுக்கும் பகிரும் இழுவை இணைப்பு) வாங்குங்கள் என்கிறார். இன்னொருவர் இரண்டும் வேண்டும் என்கிறார். எதைக் கேட்பது? ஏர் பேக் போட்டால் வண்டி தாங்கும் எடை கூடுமா? கதவு ஸ்டிக்கரில் ஆள், சாமான் சேர்த்து 680 கிலோ என்று போட்டிருக்கிறது. நாங்கள் நான்கு பேர், அதில் இரண்டு சின்னப் பிள்ளைகள். பின்தொட்டியில் கேனபி (தொட்டியின் மேல்மூடி), ஜெனரேட்டர், கருவிப்பெட்டி எல்லாம் இருக்கின்றன.

அச்சாணி:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கூடாது. ஒரு கிலோ கூடக் கூடாது. அந்த 680 என்பது ஸ்பிரிங்கை மட்டும் வைத்துச் சொன்ன எண் இல்லை, ஆக்சில், பேரிங், டயர், வீல், பிரேக், சேசிஸ் எல்லாவற்றையும் சேர்த்து வண்டி செய்தவர்கள் போட்டது. ஏர் பேக் பெட்டியிலேயே ஜோடிக்கு 5,000 பவுண்டு, அதாவது சுமார் 2,270 கிலோ தாங்கும் என்று அச்சடித்திருப்பார்கள். பை கிழியாமல் எவ்வளவு தூக்கும் என்பதுதான் அது, உங்கள் வண்டிக்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. பெரிய தயாரிப்பாளர்கள் எல்லோருமே வண்டியின் எடை வரம்பைத் தாண்டாதே என்று கையேட்டில் எழுதித்தான் வைக்கிறார்கள். கடையில் இருப்பவர்கள் அந்தப் பக்கத்தைத் திருப்புவதில்லை, அவ்வளவுதான்.

சரி, உங்கள் வண்டிக்குக் கணக்குப் போடுவோம். இந்த மாதிரி கேம்பரில் ஹிட்ச் பால் (கேம்பரை மாட்டும் இரும்புக் குண்டு) மேல் விழும் எடை மொத்தத்தில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். 12 என்று வைத்தால் 300 கிலோ. நீங்கள் நான்கு பேரும் சேர்ந்து 220 என்று வையுங்கள், கேனபி 80, ஜெனரேட்டரும் கருவியும் 70, எடை பகிர்வு ஹிட்ச் வாங்கினால் அதுவே 40 கிலோ இருக்கும். 710 ஆகிவிட்டது. இழுவைத் திறனுக்குள் இருக்கிறோம் என்று நிம்மதியாக இருக்கிறீர்கள், ஆனால் முட்டுவது ஸ்டிக்கரில். அநேகமாக எல்லா பிக்கப்புக்கும் இதே கதைதான். இழுவைத் திறன் தீர்வதற்கு வெகு முன்னாலேயே சுமக்கும் திறன் தீர்ந்துபோகும்.

இப்போது ஸ்டீயரிங் விஷயம். பால் இருப்பது பின் ஆக்சிலுக்கும் பின்னால். முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவே 3.6 மீட்டர், பின் ஆக்சிலில் இருந்து பாலுக்கு 1.2 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் வண்டியில் கொஞ்சம் முன்னேபின்னே இருக்கலாம். பாலில் 300 கிலோ அழுத்தினால் பின் ஆக்சில் நெம்புகோல் மாதிரி ஆகி முன் சக்கரங்களில் இருந்து 100 கிலோ கழன்றுவிடும். அந்த 100ம் பின்னால் வந்து சேர்ந்து, பின் ஆக்சிலுக்கு 400 கிலோ கூடுகிறது. திருப்புவதும் முன் சக்கரம், பிரேக்கில் பெரிய பங்கும் முன் சக்கரம், அங்கே 100 கிலோ குறைந்தால் ஸ்டீயரிங் லேசாகத்தானே இருக்கும்.

ஏர் பேக் போட்டு 8 செ.மீ.யும் தூக்கிவிட்டீர்கள் என்றே வையுங்கள். வண்டி சமமாக நிற்கும், லைட் இறங்கிவிடும், பார்க்க ஜோராக இருக்கும். ஆனால் அதே 400 கிலோ பின் ஆக்சில் மேல்தான், முன்னால் போன 100 போனதுதான். மூட்டை தூக்குகிறவன் முதுகை நிமிர்த்திக்கொண்டால் மூட்டையின் எடை குறைந்துவிடுமா? எனக்கு ஏர் பேக் மேல் கோபம் எதுவும் இல்லை, ஆனால் பின்பக்கம் தொங்கினால்தானே நமக்கு ஏதோ தப்பு என்று தெரிகிறது, அந்த அடையாளத்தை மட்டும் அது அழித்துவிடுகிறது.

எடை பகிர்வு ஹிட்ச் செய்வது வேறு வேலை. அதில் இருக்கும் ஸ்பிரிங் பார்கள் வண்டியையும் கேம்பரையும் நடுவில் வளையவிடாமல் முறுக்கிப் பிடிக்கும். பாலில் இருந்து கேம்பர் ஆக்சில் 5 மீட்டர் தள்ளி இருந்தால், முன்னால் போன 100 கிலோவையும் திரும்பக் கொண்டுவரும் அளவுக்கு முறுக்கும்போது கிட்டத்தட்ட 60 கிலோ கேம்பரின் சக்கரத்துக்குப் போய்விடும், பின் ஆக்சிலில் 400க்குப் பதில் 240தான் நிற்கும். பாதி மட்டும் மீட்டால் பின்னால் 320. ஆகவே உங்களுக்கு முதலில் வேண்டியது இது. ஏர் பேக்கை அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

மலைப்பாதை:

அச்சாணி சொன்ன கணக்கில் தப்பு இல்லை, ஆனால் ஏர் பேக்கை ஒரேயடியாக வில்லன் ஆக்கிவிட்டார். நான் நீண்ட காலமாகப் போட்டு ஓட்டுகிறேன், கழற்றும் எண்ணம் இல்லை.

எடை எல்லாம் வரம்புக்குள் இருக்கிறது, ஆனால் ஸ்பிரிங் மட்டும் மென்மை, பள்ளத்தில் இறங்கி ஏறும்போது பின்பக்கம் அடியில் போய் இடிக்கிறது என்றால் அதற்கு ஏர் பேக் மாதிரி மருந்து இல்லை. தொட்டியில் சாமான் நிறைய ஏற்றுகிறவர்கள், தொட்டிக்கு நடுவிலேயே எடை விழும் ஐந்தாம் சக்கர டிரெய்லர் இழுக்கிறவர்கள், இவர்களுக்கு எடை ஆக்சிலுக்கு நேர் மேலே விழுகிறது, முன்பக்கம் லேசாகும் பிரச்சினை பெரிதாக இல்லை, எடை பகிர்வு ஹிட்ச்சுக்கும் அங்கே இடம் இல்லை. ஒருபக்கம் தண்ணீர்த் தொட்டி, இன்னொரு பக்கம் காலி என்று சாய்ந்து நிற்கும் வண்டிக்கும் உதவும். கனமான ஸ்பிரிங்காக மாற்றினால் வண்டி காலியாக ஓடும்போது முதுகு உடைந்துபோகும், இதில் காற்றை இறக்கிவிட்டால் பழைய வண்டிதான்.

வாங்குவதாக இருந்தால் ஒன்று மட்டும் கேளுங்கள், இரண்டு பைக்கும் தனித்தனி டியூப், தனித்தனி வால்வ் வையுங்கள். ஒரே வால்வில் டீ (T வடிவ இணைப்பு) போட்டு இரண்டையும் இணைத்தால் வளைவில் வண்டி ஒருபக்கம் சாயும்போது அழுத்தப்பட்ட பையில் இருந்து காற்று எதிர்ப்பக்கப் பைக்கு ஓடிவிடும், சாய்வு இன்னும் கூடும். செலவு மிச்சம் என்று பலர் இதைச் செய்கிறார்கள், பிறகு ஏர் பேக் போட்டதால் வண்டி ஆடுகிறது என்று திட்டுகிறார்கள்.

காற்று அளவு: லீஃப் ஸ்பிரிங் வண்டிக்கு வரும் ஏர் லிஃப்ட் லோட்லிஃப்டர் 5000, ஃபயர்ஸ்டோன் ரைட்-ரைட் வகை எல்லாம் 5 முதல் 100 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வரை. சுருள் ஸ்பிரிங்குக்குள் செருகும் ஏர் லிஃப்ட் 1000 வேறு சாமான், அதற்கு 35தான் உச்சம், அதில் போய் 60 ஏற்றிவிடாதீர்கள். காலியாக ஓடும்போதும் 5க்குக் கீழே விடக்கூடாது, பை மடிந்து உலோகத்துக்கு நடுவே நசுங்கிக் கிழியும். லோட்லிஃப்டர் 5000 அல்டிமேட்டில் பைக்குள்ளேயே ரப்பர் தடுப்பு உண்டு, அதைக் காற்றில்லாமலும் ஓட்டலாம்.

கேபினில் இருந்தே காற்று ஏற்றும் கம்ப்ரஸர் சௌகரியம்தான், அவசியம் இல்லை. பை சின்னது, சைக்கிள் பம்பு வைத்திருந்தாலே போதும். ஆனால் பை சின்னது என்பதால் ஒரு சின்னக் கசிவே ராத்திரிக்குள் பாதியை இறக்கிவிடும், கேஜை வைத்துப் பார்க்கும்போதே கொஞ்சம் காற்று போய்விடும். காலையில் கிளம்பும் முன் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

டயர்மாமா:

எல்லோரும் ஸ்பிரிங் பற்றியே பேசுகிறீர்கள், டயரை யாரும் கேட்கவில்லை. பின் டயரின் பக்கச்சுவரில் ஒரு டயருக்கு எவ்வளவு எடை என்று எழுதியிருக்கும், அதை இரண்டால் பெருக்கி எடை மேடையில் வரும் பின் ஆக்சில் எடையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிக்கப் என்றாலும் பல வண்டிகளில் கார் வகை டயர்தான் வருகிறது, பக்கச்சுவர் மென்மை. கேம்பர் பின்னால் நெளிகிற மாதிரி இருப்பதில் பாதி அதனால்தான். மாற்றும் காலம் வரும்போது எல்டி (லைட் டிரக்) வகை போடுங்கள், காற்றழுத்தமும் அதற்கேற்ற அட்டவணைப்படி கூட்டுங்கள், பழைய அளவே வைத்தால் பிரயோஜனம் இல்லை.

தூரதேசி:

இவ்வளவு விவரமான பதிலை எதிர்பார்க்கவில்லை, நன்றி. ஹிட்ச் ரிசீவர் (வண்டியில் ஹிட்ச் செருகும் சட்டம்) அடியில் படுத்துப் பார்த்தேன், ஸ்டிக்கரில் இரண்டு வரிசை எண் இருக்கிறது. நேரடியாகத் தாங்கினால் பாலில் 227 கிலோ, எடை பகிர்வோடு என்றால் 454 கிலோ. அப்படியென்றால் இப்போது 300 கிலோவை நேரடியாக மாட்டிக்கொண்டு போவதே தப்பா?

இன்னொன்று, எடை பகிர்வு ஹிட்ச் வாங்கி, அதற்கு மேல் பின்பக்கம் கொஞ்சம் தொங்கினால் ஏர் பேக்கும் போடலாம் என்றிருக்கிறேன். எதை முதலில் செட் செய்வது? முன் மட்கார்டு உயரம் கேம்பர் மாட்டாமல் 95 செ.மீ., மாட்டினால் 98.

அச்சாணி:

ஆமாம், தப்புதான். ஏர் பேக் போட்டு மட்டும் ஓட்டினாலும் அதே தப்பு, ஏனென்றால் ரிசீவருக்கு அது நேரடிச் சுமைதான். இந்த ஸ்டிக்கரைப் பார்த்த பிறகு வேறு விவாதமே தேவையில்லை. ஹிட்ச் வரும் வரை கேம்பரை நிறுத்தி வையுங்கள்.

செட் செய்யும் முறை. ஏர் பேக் இருந்தால் அதைக் குறைந்தபட்சக் காற்றில், 5 பிஎஸ்ஐயில் விட்டுவிடுங்கள். பயணத்துக்கு ஏற்றும் எல்லாவற்றையும் ஏற்றி, தரை சமமான இடத்தில் நிறுத்தி, முன் மட்கார்டு உயரம் எடுங்கள், அது 95. பார் மாட்டாமல் கேம்பரை இறக்குங்கள், அது 98. பிறகு பாரை முறுக்கி மாட்டி மறுபடி அளங்கள். எவ்வளவு திரும்ப வர வேண்டும் என்பதை வண்டிக் கையேட்டில் பாருங்கள், சில வண்டிக்குப் பாதி போதும் என்பார்கள், சிலவற்றுக்கு முழுதும். பாதி என்றால் உங்களுக்கு 96.5. முதல் உயரத்துக்கும் கீழே, அதாவது 95க்குக் குறைவாகப் போகவே கூடாது, அப்படிச் செய்தால் பின் சக்கரத்தின் பிடி குறைந்து மழை நாளில் வண்டியின் வால் ஒதுங்கும்.

இது முடிந்த பிறகு பின்பக்கம் 2, 3 செ.மீ. இறங்கியிருந்தால் விட்டுவிடுங்கள் என்பது என் கருத்து. எடை ஏற்றினால் ஸ்பிரிங் இறங்கத்தான் செய்யும், அதற்குத்தான் காலி வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கலாகச் செய்து அனுப்புகிறார்கள். தராசு மாதிரி நேராக நிற்க வேண்டும் என்ற பிடிவாதம் நமக்குத்தான், வண்டிக்கு இல்லை. அப்படியும் வேண்டும் என்றால் கொஞ்சமாகக் காற்று ஏற்றுங்கள், ஏற்றிய பிறகு முன்பக்கத்தை மறுபடி அளக்காமல் கிளம்பாதீர்கள். ஏன் என்றால் பை தூக்கும்போது ஹிட்ச்சும் உயரும், பார்களின் முறுக்கு தளரும், நீங்கள் கஷ்டப்பட்டு முன்னால் அனுப்பிய எடை பேசாமல் பின்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும். சில ஏர் பேக் கையேட்டில் வரிசை வேறு மாதிரி இருக்கும், முதலில் காற்றால் உயரத்தைப் பிடித்துப் பிறகு பாரை முறுக்கு என்பார்கள். எந்த வரிசையில் செய்தாலும் கடைசியில் முன் ஆக்சில் எடை என்ன சொல்கிறது என்பதுதான் கணக்கு.

அளவு நாடாவில் நம்பிக்கை வைக்காமல் எடை மேடைக்கு ஒருமுறை போய்விடுங்கள். ஆள், சாமான், ஹிட்ச் எல்லாம் இருக்கும் வண்டியை மட்டும் ஏற்றி முன் ஆக்சில், பின் ஆக்சில் தனித்தனியாக. பிறகு கேம்பரை மாட்டி, பார் இல்லாமல், கேம்பர் சக்கரம் மேடைக்கு வெளியே இருக்கும்படி. முதல் மொத்தத்தையும் இதையும் கழித்தால் பாலில் விழும் உண்மையான எடை. மூன்றாவது பார் முறுக்கி. கம்பெனிப் புத்தகத்தில் போட்டிருக்கும் பால் எடை காலிக் கேம்பருக்கு, நம்புவதற்கில்லை. தண்ணீர்த் தொட்டி கேம்பர் ஆக்சிலுக்கு முன்னால் இருந்தால் நிரப்பியதும் எகிறிவிடும்.

ஜெனரேட்டரைத் தொட்டியில் இருந்து எடுத்துக் கேம்பருக்குள் ஆக்சிலுக்கு நேர் மேலே வைக்க முடியுமா பாருங்கள். அந்த 710ல் இருந்து குறைக்க சுலபமான வழி அது. கேம்பரின் கடைசிக் கோடியில் கொண்டு போய் வைத்துவிடாதீர்கள், பால் எடை 10 சதவீதத்துக்குக் கீழே போனால் கேம்பர் ஆட ஆரம்பிக்கும், அந்த ஆட்டத்தை ஏர் பேக்கால் நிறுத்த முடியாது.

கிரீஸ்கை:

நான் இந்த வேலை செய்கிறவன், அதனால் நாலு வார்த்தை.

தூரதேசி, முதலில் வண்டிக்கு அடியில் போய் லீஃப் ஸ்பிரிங்கைப் பாருங்கள். 300 கிலோவுக்கு 8 செ.மீ. என்பது எனக்குக் கொஞ்சம் அதிகமாகப் படுகிறது. ஒரு பட்டை விரிசல் விட்டிருக்கலாம், புஷ் போயிருக்கலாம், பழைய வண்டியென்றால் ஸ்பிரிங்கே வளைவு இழந்து தட்டையாகியிருக்கலாம். அப்படி இருக்கும்போது மேலே ஏர் பேக் போடுவது நோயை மூடி வைக்கிற வேலை. காலி வண்டியில் இடது வலது உயரம் ஒன்றாக இருக்கிறதா என்று அளந்தாலே பாதி தெரிந்துவிடும்.

போடுவதாக இருந்தால், பெரும்பாலான வண்டியில் பம்ப் ஸ்டாப்பை (ஆக்சில் சேசிஸில் இடிக்காமல் தடுக்கும் ரப்பர்) கழற்றிவிட்டு அந்த இடத்தில்தான் பை உட்காரும், சேசிஸுக்கும் ஆக்சிலுக்கும் நடுவில். லீஃப் ஸ்பிரிங் தன் எடையை முன் கொக்கி, பின் கொக்கி என்று இரண்டு இடத்தில் சேசிஸுக்குக் கொடுக்கிறது, பை ஒரே இடத்தில் முட்டுகிறது. வரம்புக்குள் ஓட்டினால் ஒன்றும் ஆகாது. தொட்டியில் பெரிய கேம்பர் கூண்டை ஏற்றி, பின்னால் டிரெய்லரும் மாட்டி, பைக்கு 90, 100 பிஎஸ்ஐ அடித்துக் கரடுமுரடான பாதையில் பாய்ந்தால் அந்த இடத்தில்தான் சேசிஸ் மடங்கும். மடங்கிய வண்டிகளைப் பார்த்திருக்கிறேன், ஒவ்வொன்றிலும் சுமை வரம்புக்கு மேல்தான் இருந்தது.

டியூபை பிளேடால் நேராக வெட்டுங்கள், கட்டிங் பிளேயரால் நசுக்கி வெட்டினால் வாய் கோணி ஃபிட்டிங்கில் கசியும். ஊரில் பாதி ஏர் பேக் கசிவு இதுதான், பையில் ஓட்டை இருப்பது அபூர்வம். சைலன்சரில் இருந்து தள்ளிக் கொண்டு போங்கள், அந்தப் பக்கப் பைக்கு வெப்பத் தகடு கிட்டோடு வந்தால் சோம்பல்படாமல் மாட்டுங்கள். பிரேக் லைன் மேல் பிராக்கெட் உரசுகிறதா என்று பை காலியாகவும் நிறைவாகவும் இருக்கும்போது பார்க்க வேண்டும். சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா பாருங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லா நட்டையும் மறுபடி முறுக்கிவிடுங்கள்.

பஞ்சர் போடும்போது சேசிஸில் ஜாக்கி வைத்துத் தூக்காதீர்கள். ஆக்சில் கீழே தொங்கி, பை எல்லைக்கு மேல் இழுபட்டுப் பிய்ந்துவிடும். ஆக்சிலுக்கு அடியில் ஜாக்கி வையுங்கள், இல்லையென்றால் காற்றை முழுக்க இறக்கிவிட்டுத் தூக்குங்கள். காட்டுப்பாதையில் ஆக்சில் நிறையத் தொங்கும் வண்டியென்றால் பையின் ஒருமுனையைக் கட்டாமல் தொட்டில் மாதிரி உட்கார வைக்கும் டேஸ்டார் பிராக்கெட் கிடைக்கிறது, அதைப் போடுங்கள்.

காற்று வேண்டாம், தொல்லை வேண்டாம் என்கிறவர்களுக்கு டிம்ப்ரென் ரப்பர் இருக்கிறது. பம்ப் ஸ்டாப் இடத்தில் மாட்டிவிட்டு மறந்துவிடலாம், கசிய ஒன்றும் இல்லை. ஆனால் உயரத்தைக் கூட்டிக் குறைக்க முடியாது.

மலைப்பாதை:

டிம்ப்ரென் பற்றி கிரீஸ்கை சொன்னது சரி, எப்போதும் ஒரே கேம்பரை ஒரே எடையில் இழுக்கிறவர்களுக்கு அதுவே போதும். நான் ஏர் பேக்கை விடாததற்குக் காரணம் என் சுமை வாராவாரம் மாறும்.

அச்சாணியோடு ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துப்போகவில்லை. 3 செ.மீ. தொங்கலை விட்டுவிடு என்கிறார். அதே தொங்கலில் கேம்பரின் மூக்கும் கீழே குத்தி நின்றால், இரட்டை ஆக்சில் கேம்பரில் முன் ஆக்சில் டயருக்கு எடை கூடிவிடும், அதைச் சரிசெய்ய வேண்டும்தானே?

அச்சாணி:

அதற்கு பால் மவுண்ட்டை ஒரு துளை மேலே ஏற்றினால் முடிந்தது, காற்று எதற்கு? கேம்பர் சமமாகவோ ஒரு துளி மூக்கு தாழ்ந்தோ இருக்கலாம். மூக்கு தூக்கி நிற்பதுதான் மோசம், ஏர் பேக்கில் அளவுக்கு மீறிக் காற்று அடிக்கிறவர்கள் பெரும்பாலும் அங்கேதான் போய் நிற்கிறார்கள்.

தூரதேசி:

கிரீஸ்கை சொன்னபடி காலி வண்டியில் அளந்தேன், இடது பின்பக்கம் வலதைவிட 2 செ.மீ. தாழ்வு. டார்ச் அடித்துப் பார்த்தால் இடது ஸ்பிரிங்கில் கீழிருந்து இரண்டாவது பட்டையில் குறுக்கே ஒரு கோடு தெரிகிறது, துரு பிடித்திருக்கிறது. படம் எடுத்தேன், தெளிவாக வரவில்லை. இதோடு ஓட்டலாமா, ஒருபக்கம் மட்டும் மாற்றினால் போதுமா?

கிரீஸ்கை:

குறுக்கே கோடு, அதில் துரு என்றால் விரிசல்தான், அதுவும் இன்று நேற்று விட்டது இல்லை. கேம்பர் மாட்டாதீர்கள், காலி வண்டியை மெதுவாக ஒர்க்‌ஷாப் வரை ஓட்டலாம். இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள், ஒருபக்கம் புதிது ஒருபக்கம் பழசு என்றால் வண்டி மறுபடி சாயும். யு போல்ட்டும் புதிதாக வாங்குங்கள், பழையதைத் திரும்ப முறுக்கக் கூடாது. கம்பெனி போட்ட அதே அளவு ஸ்பிரிங் போதும். அது மாற்றி, ஹிட்ச் செட் செய்து, எடைச் சீட்டு கைக்கு வந்ததும் மூன்று எண்ணையும் இங்கே போடுங்கள், ஏர் பேக் வேண்டுமா என்று அப்போது சொல்கிறேன்.